ஜான் மெக்லெண்டனை 'கோச்' என்று ஒத்துக்கொள்ள 37 வருஷம் ஏன் ஆனது?

சிமெண்ட்_கோர்ட் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் இங்கே அமெரிக்க பாஸ்கெட்பாலில் "எல்லாக் காலத்திலும் சிறந்த காலேஜ் கோச் யார்" என்று அடித்துக்கொண்டோம். ஜான் வுடன், பாப் நைட், கோச் கே என்று அதே நாலு பேரைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம். டிவியில் வராத சின்னக் கல்லூரிகள் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் இந்த இழை.

நான் முன்வைக்கும் பெயர் ஜான் மெக்லெண்டன், கறுப்பின கோச். 1915இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹையவாதாவில் பிறந்தவர். கல்லூரி கோச்சாக 523 வெற்றி, 165 தோல்வி. நாலு ஆட்டம் ஆடினால் மூன்றில் ஜெயித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1957, 58, 59 என்று மூன்று வருஷம் தொடர்ந்து என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டம். இவ்வளவுக்கும் பிறகு 1979இல் பாஸ்கெட்பாலின் புகழ் மன்றமான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது 'பங்களிப்பாளர்' என்ற பிரிவில் சேர்த்தார்கள். 'கோச்' பிரிவில் அவர் பெயர் ஏறியது 2016இல். அதற்குள் மனிதர் இறந்து 17 வருஷம் ஆகிவிட்டது.

வீட்டில் மூன்று வேளையும் சமைத்துப் போடுபவரை 'கூடமாட ஒத்தாசை' என்று ரேஷன் கார்டில் எழுதுவது மாதிரி இருக்கிறது எனக்கு. உங்களுக்கு?

---

எண்கணக்கன்

வணக்கம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா?

வெற்றி எண்ணிக்கைதான் அளவு என்றால் சின்னக் கல்லூரிகளிலேயே அவரைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட்டில் கிளாரன்ஸ் 'பிக் ஹவுஸ்' கெயின்ஸ், 1946 முதல் 1993 வரை ஒரே இடம், 828 வெற்றி. பிலடெல்ஃபியாவில் ஹெர்ப் மகீ, 1967 முதல் 2022 வரை, ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார். இவர்கள் இரண்டு பேரும் கோச்சாகவே ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மெக்லெண்டன் டர்ஹாம், ஹாம்ப்டன், நாஷ்வில், கென்டக்கி, கிளீவ்லாண்ட் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார். கடைசியில் டென்வர் ராக்கெட்ஸ் என்ற தொழில்முறை அணியில் 28 ஆட்டம், 9 வெற்றி, 19 தோல்வி, சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் 'சிறந்த கோச்' என்பதற்கும் 'வரலாற்றில் முக்கியமான மனிதர்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா? ஹால் ஆஃப் ஃபேம்காரர்கள் 1979இல் அதைத்தான் சொன்னார்களோ என்னவோ.

---

சிமெண்ட்_கோர்ட்

வாங்க எண்கணக்கன், உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

கெயின்ஸை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லதாகப் போயிற்று. கெயின்ஸ் ஃபுட்பால் ஆளாக இருந்து பாஸ்கெட்பாலுக்கு வந்தவர். அவர் வின்ஸ்டன்-சேலத்தில் பொறுப்பேற்றபோது அதே வட கரோலினா மாநிலத்தில், அதே லீக்கில், எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மெக்லெண்டன். அவரிடம் அடிவாங்கி, அவரைப் பார்த்துத்தான் கெயின்ஸ் கற்றுக்கொண்டார். கெயின்ஸ் கோச்சாக உள்ளே போனது 1982இல். சிஷ்யப்பிள்ளை கோச்சாம், குரு பங்களிப்பாளராம். இதற்கு என்ன கணக்குச் சொல்வீர்கள்?

டென்வர் பற்றிச் சொன்னது உண்மை. அங்கே சரிப்பட்டு வரவில்லை. கிளீவ்லாண்ட் ஸ்டேட்டிலும் தோல்விதான் அதிகம். மறைக்கவில்லை. ஆனால் நாஷ்விலில் டென்னசி ஏ அண்ட் ஐ என்ற கறுப்பினக் கல்லூரியில் இருந்த ஐந்து வருஷத்தைப் பாருங்கள்: 149 வெற்றி, 20 தோல்வி.

---

பெஞ்சில்_பத்து_வருஷம்

என்.ஏ.ஐ.ஏ. என்றால் என்ன அண்ணா? என்.சி.ஏ.ஏ., அந்தப் பெரிய கல்லூரிகள் சங்கம், தெரியும். இது அதற்குக் கீழே உள்ள டோர்னமென்ட்டா? நம்ம ஊரில் 'டி டிவிஷன் லீக்' என்பது போலவா?

---

சிமெண்ட்_கோர்ட்

சிறிய கல்லூரிகளுக்கான தனிச் சங்கம் தம்பி. அப்போது டோர்னமென்ட் கன்சாஸ் சிட்டியில் நடந்தது. 32 அணிகள், ஒரே வாரம். பட்டம் வாங்க ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஆடி, ஒரு நாள் விட்டு ஆடி, அப்புறம் தினமும் ஆடி, சனிக்கிழமை ராத்திரி இறுதியாட்டத்தில் நிற்கும்போது கால் இருக்க வேண்டும்.

'கீழே' என்பதில்தான் சூட்சுமம். அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களை எடுக்கவே மாட்டார்கள். அப்படியானால் அந்தத் திறமை எல்லாம் எங்கே போகும்? டென்னசி ஏ அண்ட் ஐ மாதிரி இடத்துக்குத்தான். டிக் பார்னெட் என்று ஒரு இடதுகைக்காரர். இந்தியானாவின் கேரி நகரத்துப் பையன். 1955 மாநிலப் பள்ளி இறுதியாட்டத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் அணியிடம் தோற்றவர். அவர் நாஷ்வில் வந்து மூன்று பட்டத்திலும் ஆடினார், அப்புறம் நியூயார்க் நிக்ஸுக்காக 1970, 73 இரண்டு என்.பி.ஏ. பட்டம். ஷாட் போட்டதும் காலை மடக்கிக்கொண்டு பின்னால் சாய்வார். பந்து கூடையில் விழுமுன்னே 'திரும்பிப் போங்கடா' என்கிற மாதிரி கூட்டாளிகளிடம் சொல்வார். அந்த அணியில் ஜான் பார்ன்ஹில்லும் இருந்தார். இதைப் போய் டி டிவிஷன் என்றால் எப்படி?

---

பி.டி.மாஸ்டர்_ஓய்வு

தம்பிகளே, 31 வருஷம் அரசுப் பள்ளியில் விசில் ஊதியவன். எண்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

எதிரணி திரும்பி வருமுன்னே பந்தோடு பாய்ந்து போகும் ஃபாஸ்ட் பிரேக் இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். 1930களில் அது கிடையாது. ஏன் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அப்போது ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை மறுபடி நடு வட்டத்துக்குக் கொண்டு போய் ஜம்ப் பால் போடுவார்கள். இரண்டு நெட்டைகள் எகிறுவார்கள், மற்ற எட்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். 1937-38 சீசனில் அந்த விதியை எடுத்தார்கள். கூடை விழுந்தால் எண்ட் லைனிலிருந்து பந்தை உடனே உள்ளே போடலாம். மெக்லெண்டன் டர்ஹாமுக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தது சரியாக அதே 1937. கதவு திறந்த அன்றைக்கே வாசலில் நின்றவர் அவர்.

மற்றவர்கள் பழைய பழக்கத்தில் கூடை போட்டுவிட்டுக் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குவார்கள். இவர் பையன்கள் அதற்குள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

எப்படிப் போவது என்பதை நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதத்தில் சொல்கிறேன். சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று பாதை கிழிப்பேன், கோர்ட்டின் நீளத்துக்கு. போர்டில் பட்டு வரும் பந்தை எகிறிப் பிடிக்கிறவன் காற்றிலேயே உடம்பைப் பக்கக்கோட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். தரையில் கால் ஊன்றியதும் முதல் பாஸ் ஓரத்துக்கு. நடுவில் கொடுத்தால் எவனாவது கையை நீட்டித் தட்டிவிடுவான். ஓரத்தில் வாங்கியவன் நடுவுக்குக் கொடுக்கிறான். நடுவில் ஓடுகிறவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஃப்ரீ த்ரோ கோடு வரை போய், அங்கே நின்றுவிட வேண்டும். நிற்பதுதான் கஷ்டம், எல்லாப் பையனுக்கும் உள்ளே போய்த் தானே போட ஆசை. இரண்டு ஓரத்திலும் ஓடுகிறவர்கள் பக்கக்கோட்டை ஒட்டியே ஓடி, ஃப்ரீ த்ரோ கோட்டின் நேருக்கு வந்ததும் கூடையைப் பார்த்து வெட்ட வேண்டும். ஒரு பவுன்ஸ் பாஸ், ஒரு லே-அப், அதாவது கூடையை ஒட்டிப் போய் எகிறி மெல்லப் போடும் ஷாட். பந்து தரையில் படும் சத்தம் அதிகம் கேட்டால் தப்பாகப் போகிறது என்று அர்த்தம். காலையில் ஆறு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன்.

இதையே நாற்பது நிமிஷம் விடாமல் செய்ய வேண்டுமானால் நெஞ்சில் காற்று வேண்டும். மெக்லெண்டன் தன் ஆட்டக்காரர்களை முதலில் நெடுந்தூரம் ஓடவிட்டுத்தான் கையில் பந்தையே கொடுப்பார். கன்சாஸ் சிட்டியில் ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது அந்த ஓட்டத்தால்தான் என்பது என் கட்சி.

---

எண்கணக்கன்

மாஸ்டர், அந்தக் கடைசி வரி நீங்களாகச் சேர்த்ததா, இல்லை எங்கேயாவது படித்ததா? :)

---

பி.டி.மாஸ்டர்_ஓய்வு

என் கட்சி என்றுதானே எழுதியிருக்கிறேன் தம்பி. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

---

லேஅப்_அக்கா

மாஸ்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

இந்த இழையில் யாரும் தொடாத ஒரு விஷயம். மெக்லெண்டன் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட விடவில்லை. அங்கே கறுப்பின மாணவர்களுக்கு அணியில் இடம் கிடையாது. ஆனால் அதே கட்டடத்தில் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். 1891இல் பீச் பழக்கூடையை ஜிம்மின் மாடிக் கைப்பிடியில் மாட்டிய அதே மனிதர். மெக்லெண்டனின் அப்பா, 'போய் நெய்ஸ்மித்தைப் பார், அவர்தான் உனக்கு வழிகாட்டி என்று சொல்' என்று மகனை அனுப்பினாராம். பையனும் நேரே போய் அப்படியே சொல்லியிருக்கிறான். கேட்டுச் சேர்வது இல்லை, சொல்லிச் சேர்வது. நெய்ஸ்மித் சேர்த்துக்கொண்டார். 1936இல் உடற்கல்வியில் பட்டம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு முறை ஒரு தேர்வுக் குழுவில் என்னை உட்கார விடாததற்கு ஒருவர் சொன்ன காரணம்: "நீங்க நேஷனல்ஸ் எதுவும் ஆடலையே மேடம்." ஆடவில்லை, உண்மைதான். முட்டி போய்விட்டது. ஆடாதவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றால் மெக்லெண்டனுக்கு எந்தக் கல்லூரியிலும் வேலை கிடைத்திருக்காது.

---

பெஞ்சில்_பத்து_வருஷம்

அக்கா, பெஞ்சில் இருந்தால்தான் ஆட்டம் முழுக்கத் தெரியும். என் பெயரைப் பாருங்கள்.

---

நடுவர்_விசில்

நெய்ஸ்மித் என்றதும் ஒரு சின்ன விலகல், மன்னிக்கவும். சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்து வந்தவர்தான். நம்ம ஊர் பி.டி. மாஸ்டர் பரம்பரையும் மெக்லெண்டனும் ஒருவகையில் பங்காளிகள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வாருங்கள். 'ரகசிய ஆட்டம்' பற்றி யாராவது எழுதுங்கள். அதை விட்டுவிட்டு மெக்லெண்டன் பற்றிப் பேசுவது உப்பில்லாத சாம்பார்.

---

சிமெண்ட்_கோர்ட்

எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. டர்ஹாம் ஊரே சர்ச்சில். மெக்லெண்டன் அப்போது வட கரோலினா நீக்ரோ கல்லூரியின் கோச், வயது 28. அந்த சீசனில் அவர் அணி ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தது. ஆனால் தேசிய டோர்னமென்ட் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அதே ஊரில், சில மைல் தூரத்தில், டியூக் பல்கலைக்கழகம். அங்கே போர்க்கால ராணுவப் பயிற்சித் திட்டத்தில் மருத்துவம் படிக்க வந்த வெள்ளை மாணவர்கள் ஒரு அணி வைத்திருந்தார்கள். வெவ்வேறு கல்லூரிகளில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். ஊரில் எந்த அணி பெரியது என்ற பேச்சு இரண்டு பக்கமும் ஓடியது.

அன்றைய சட்டப்படி வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கோர்ட்டில் ஆட முடியாது. அது வெறும் விதி மீறல் இல்லை. அதே வருஷம் ஜூலையில், அதே டர்ஹாமில், பஸ்ஸில் பின்னால் போய் உட்காரச் சொன்னபோது தர்க்கம் பண்ணிய புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பின ராணுவ வீரரை பஸ் ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். ஓட்டுநருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஊர்.

டியூக் பையன்கள் காரில் நேர்வழியை விட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது மேல்சட்டையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜிம்முக்குள் ஓடினார்கள். கதவுக்குப் பூட்டு. பார்வையாளர் இல்லை. ஆனால் நடுவர் உண்டு, கடிகாரம் உண்டு. எப்படியோ மோப்பம் பிடித்த சில மாணவர்கள் மேலே ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்களாம்.

முதல் சில நிமிஷம் மெக்லெண்டன் பையன்களுக்குக் கை நடுக்கம். வெள்ளைக்காரன் உடம்பில் இடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது. அதற்கு முன் இடித்ததே இல்லை. சுலபமான ஷாட்டைத் தவறவிடுகிறார்கள், பாஸ் எங்கேயோ போகிறது. அப்புறம் ஓட ஆரம்பித்தார்கள். மாஸ்டர் மேலே எழுதியிருக்கிறாரே, அந்த ஓட்டம். ஆட்டம் முடிந்தபோது 88-44.

---

எண்கணக்கன்

எனக்கும் இந்தக் கதை பிடிக்கும். ஆனாலும் ஒரு சந்தேகம். 88-44 என்பது இரட்டிப்பு. எதிரணி படிப்புக்கு நடுவில் ஆடிய மருத்துவ மாணவர்கள். மெக்லெண்டன் அணி தினமும் பயிற்சி செய்த கல்லூரி அணி. இதை வைத்து 'சிறந்த கோச்' என்று நிரூபிக்க முடியுமா? தைரியத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கிறேன். கோச்சிங்குக்கு எவ்வளவு கொடுப்பது?

---

லேஅப்_அக்கா

எண்கணக்கன் தம்பி, ஸ்கோர் போர்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்து கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு ஆட்டம் போட்டார்கள். இந்தத் தடவை ஆட்களைக் கலந்து பிரித்து, ஒரு பக்கம் சட்டையோடு, ஒரு பக்கம் சட்டை இல்லாமல். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியில், 1944இல், தெற்கில். அதன் ஸ்கோர் யாருக்கு வேண்டும்? இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கிய நிமிஷத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மாறியிருக்கும் என்று யோசியுங்கள். எதிரே நிற்பவன் பயப்பட வேண்டிய ஆள் இல்லை, அவனும் லே-அப்பைத் தவறவிடுகிறவன்தான் என்று உடம்பால் தெரிந்துகொண்டார்கள். கோச்சிங் என்று நான் சொல்வது அதைத்தான்.

உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகைக்காரர் ஒருவருக்கு விஷயம் தெரிந்தும் எழுதவில்லை. 1996இல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. ஐம்பத்திரண்டு வருஷம் அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் அணித் தேர்வு ஐம்பத்திரண்டு நிமிஷம் ரகசியமாக இருக்குமா?

---

எண்கணக்கன்

அக்கா சொன்ன இரண்டாவது ஆட்டம், சரி, அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் குழு 1979இல் இதைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 1996க்கு முன் இது ரகசியம்.

---

சிமெண்ட்_கோர்ட்

நியாயம். ஆனால் மூன்று தேசியப் பட்டம் ரகசியமாக நடக்கவில்லையே.

---

மூலை_நாலு

இழைக்குப் புதிது. 'ஃபோர் கார்னர்ஸ்' ஆட்டமுறையை மெக்லெண்டன்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு இடத்தில் படித்தேன். அது டீன் ஸ்மித்துடையது அல்லவா? வட கரோலினா பல்கலைக்கழகம்?

---

பி.டி.மாஸ்டர்_ஓய்வு

பெயர் வாங்கிக் கொடுத்தவர் டீன் ஸ்மித். அதற்கு முன்பே மெக்லெண்டன் வைத்திருந்தார். நாலு பேர் நாலு மூலைக்குப் போய்விடுவார்கள், ஒருவன் நடுவில் பந்தோடு. எதிரணி இரண்டு பேராக நெருங்கினால் ஏதாவது ஒரு மூலையில் ஆள் காலி. முன்னிலையில் இருக்கும்போது நேரத்தைக் கடத்த அருமையான வழி. இத்தனை விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்று விரட்டும் ஷாட் கிளாக் இல்லாத காலம். பார்ப்பவர்களுக்குத்தான் தூக்கம் வரும். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 1985-86இல் 45 விநாடி ஷாட் கிளாக் வந்ததும் அந்த வித்தைக்கு மூச்சு நின்றது.

வேடிக்கை என்ன என்றால், ஓடு ஓடு என்று விரட்டிய அதே மனிதர்தான் நிற்கவும் கற்றுக்கொடுத்தார். அடுப்பை மூட்டவும் அணைக்கவும் தெரிந்தவனுக்குத்தான் அடுப்படி தெரியும்.

---

நடுவர்_விசில்

மாஸ்டர் இன்று நல்ல ஃபார்மில் இருக்கிறார்.

---

ஏரிக்கரை_கிளீவ்லாண்ட்

நான் இருப்பது கிளீவ்லாண்டில், அதனால் என் பங்கு.

நம்மவர்களுக்கு கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் என்றால் தியாகராஜ ஆராதனைதான். ஈஸ்டர் சமயத்தில் பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக அந்த அரங்கத்துக்குள் நுழைந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதே பல்கலைக்கழகம்தான் 1966இல் மெக்லெண்டனை கோச்சாக எடுத்தது. வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் வந்தது அதுவே முதல் முறை. இருபது வருஷம் நான் அந்த வழியாகக் கார் ஓட்டியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. எண்கணக்கன் சொன்னது போல இங்கே தோல்விகள் அதிகம். பெரிய ஸ்காலர்ஷிப், பெரிய பெயர் எதுவும் இல்லாத அணி அது.

அதற்கு முன்பும் அவருக்கு இந்த ஊர்த் தொடர்பு உண்டு. 1961இல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் என்று ஒரு புதிய தொழில்முறை லீக் வந்தது. அதில் கிளீவ்லாண்ட் பைப்பர்ஸ் அணிக்குக் கோச். தொழில்முறை லீக் ஒன்றில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். முதலாளி யார் தெரியுமா? பிற்காலத்தில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை வாங்கிய ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னர். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, சீசன் பாதியில் மெக்லெண்டன் ராஜினாமா. அதே அணி அந்த சீசனிலேயே பட்டம் ஜெயித்தது, வேறு கோச் பெயரில்.

1999இல் இங்கேதான், கிளீவ்லாண்ட் ஹைட்ஸில், இறந்தார்.

---

பெஞ்சில்_பத்து_வருஷம்

வேறு கோச் பெயரில் பட்டம்! எண்கணக்கன் அண்ணாவின் 523இல் இது வருமா?

---

எண்கணக்கன்

வராது தம்பி. 523 கல்லூரிக் கணக்கு. இது தொழில்முறை. கணக்கு கணக்குதான்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நான் ஊர் ஊராக மாறினார் என்று குறையாகச் சொன்னேன். இப்போது வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒரு புது இடத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். மகீயும் கெயின்ஸும் ஒரே வீட்டில் இருந்து விளக்கேற்றியவர்கள். இவர் வீடு வீடாகப் போனவர். எது பெரியது என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. மகீயின் விசுவாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்: அவர் மாணவராகச் சேர்ந்த அதே கல்லூரியில் கடைசி வரை இருந்தார், கல்லூரியின் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. 1970இல் அவரும் ஒரு தேசியப் பட்டம் வாங்கினார்.

---

சிமெண்ட்_கோர்ட்

மகீயைப் பற்றித் தனி இழை போடுங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

கன்சாஸ் சிட்டி விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. 1954இல் டென்னசி ஏ அண்ட் ஐ அங்கே ஒரு டோர்னமென்ட்டுக்குப் போக வேண்டும். அதுவரை கறுப்பின அணி என்றால் ஊருக்குள் தெரிந்த குடும்பங்கள் வீட்டில் தங்கும், சாப்பாடு பொட்டலம். மெக்லெண்டன் நிபந்தனை போட்டார்: மற்ற அணிகள் தங்கும் ஹோட்டலில் என் அணியும் தங்கும், அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடும், இல்லையென்றால் வரவில்லை. ஒத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அதே ஊரில் பட்டம். எல்லாரும் கலந்து ஆடும் தேசிய டோர்னமென்ட் ஒன்றை ஒரு கறுப்பினக் கல்லூரி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. முந்தின ராத்திரி நல்ல மெத்தையில் தூங்கியவனும், யார் வீட்டுத் திண்ணையிலோ தூங்கியவனும் ஒரே மாதிரி எகிற மாட்டார்கள் என்பது கோச்சுக்குத் தெரிந்திருந்தது.

---

லேஅப்_அக்கா

இதைப் படித்ததும் ஒரு பழைய ஞாபகம். ஒரு டோர்னமென்ட்டில் ஆண்கள் அணிக்கு லாட்ஜ், எங்கள் பெண்கள் அணிக்குப் பள்ளி வகுப்பறை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினோம், ஒரே கழிவறை, தாழ்ப்பாள் கிடையாது. ராத்திரி முழுக்க ஒருத்தி மாற்றி ஒருத்தி வாசலில் காவல். காலையில் முதல் கால் பகுதியில் நாலு பாயிண்ட் போட்டோம். நான் அப்போது கோச்சிடம் எதுவும் கேட்கவில்லை, கோச்சும் யாரிடமும் கேட்கவில்லை. நான் கோச்சான பிறகு கேட்கிறேன். 'வம்பு பிடித்த மேடம்' என்று பெயர்.

---

பி.டி.மாஸ்டர்_ஓய்வு

அந்தப் பெயரை விட்டுவிடாதே அம்மா.

---

மூலை_நாலு

அந்த டென்னசி அணிக்கு என்ன ஆயிற்று? மறந்துவிட்டார்களா?

---

ஏரிக்கரை_கிளீவ்லாண்ட்

ரொம்ப நாள் மறந்தேதான் இருந்தார்கள். டிக் பார்னெட் தன் கோச்சுக்காகவும் அணிக்காகவும் வருஷக் கணக்கில் கடிதம் எழுதி, ஆள் பிடித்து, விடாமல் நச்சரித்தார். 2016இல் மெக்லெண்டன் கோச்சாக உள்ளே போனார். 2019இல் 1957-59 அணி முழுக்க ஹால் ஆஃப் ஃபேமில். 2024 ஏப்ரலில் உயிரோடு இருந்த ஆட்டக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டார்கள். அதே வருஷம் பார்னெட்டும் தனியாக ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். 2025இல் இறந்துவிட்டார்.

கோச் ஆட்டக்காரனை உள்ளே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டக்காரன் அறுபது வருஷம் கழித்து கோச்சைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது இங்கேதான் பார்த்தேன்.

---

எண்கணக்கன்

சரி. 2016 முடிவு தாமதம்தான், நியாயம் இல்லை. போதுமா சிமெண்ட்_கோர்ட்?

'சிறந்த கோச் யார்' இழையில் என் ஓட்டு இன்னும் வுடனுக்குத்தான்.

---

சிமெண்ட்_கோர்ட்

போதும் போதும். அதற்கே இரண்டு நாள் ஆகிவிட்டது.

---

பெஞ்சில்_பத்து_வருஷம்

இழை முடிவதற்குள் ஒன்று. கன்சாஸில் நீச்சல் குளம் கதை ஒன்று இருக்கிறதாமே? யாரோ எழுதப் போய்ப் பாதியில் விட்டார்கள்.

---

லேஅப்_அக்கா

நான் சொல்கிறேன்.

உடற்கல்வி மாணவர்கள் நீச்சல் தேர்வு எழுதியே ஆக வேண்டும். ஆனால் குளத்தில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. மெக்லெண்டனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். நீ இறங்கவே வேண்டாம், தேறிவிட்டாய் என்று போட்டுவிடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி இறங்கி நீந்தினார். அப்புறம் தண்ணீரை மொத்தமாக வெளியேற்றிவிட்டார்கள்.

பெரிய தகராறு. கடைசியில் உடற்கல்வித் துறையைக் கவனித்த ஃபாக் ஆலன், அதாவது அணியின் கோச்சும் அவர்தான், ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். இரண்டு வாரம் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவோம், ஒரு அசம்பாவிதமும் நடக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.

மெக்லெண்டன் உடனே கறுப்பின மாணவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, இரண்டு வாரத்துக்கு யாரும் குளத்துப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம். ஒரு அசம்பாவிதமும் இல்லை.

---

பெஞ்சில்_பத்து_வருஷம்

அடப்பாவி மனுஷா :)

---

பி.டி.மாஸ்டர்_ஓய்வு

அப்போது அவருக்கு இருபது வயசு இருக்கும். ஃபோர் கார்னர்ஸ் அங்கேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.